ஆர்ச்பிஷப் கேரல் உயர்நிலைப் பள்ளி (வாஷிங்டன்)

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் வடகிழக்குப் பகுதியில், ஹேர்வுட் சாலையில் உள்ள கத்தோலிக்க இருபாலர் பள்ளி. 9 முதல் 12 வரையிலான வகுப்புகளைக் கொண்டது. வாஷிங்டன் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்தது. 1951-இல் ஆண்கள் பள்ளியாகத் தொடங்கப்பெற்று, 1989-இல் மாணவியரையும் சேர்த்துக்கொண்டது. நகரின் அரசுப் பள்ளிகளில் இனப்பிரிவினை நீதிமன்றத் தீர்ப்பால் ஒழிவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, கறுப்பின மாணவர்களையும் வெள்ளை மாணவர்களையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்த பள்ளி என்பதே இதன் வரலாற்றுச் சிறப்பு. பொதுமக்கள் நினைவில் நிற்பதோ 1950-களின் இறுதியில் இதன் கூடைப்பந்து அணி பெற்ற தொடர் வெற்றிகள். பள்ளியைப் பற்றி அச்சில் வந்தவற்றில் பெரும்பகுதி அந்தச் சில ஆண்டுகளையே சுற்றுவதால், இக்கட்டுரையும் அங்கேதான் சற்று அதிகம் தங்க வேண்டியிருக்கிறது.

பெயரும் இடமும்

அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஆயரும் பின்னர் பால்டிமோரின் முதல் பேராயருமான ஜான் கேரலின் (1735–1815) பெயர் பள்ளிக்கு இடப்பட்டது. மேரிலாந்தின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். அண்ணன் டேனியல் கேரல் அமெரிக்க அரசியலமைப்பில் கையெழுத்திட்டவர். உறவினர் சார்லஸ் கேரல் விடுதலைச் சாசனத்தில் கையெழுத்திட்ட ஒரே கத்தோலிக்கர். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு வித்திட்டவரும் ஜான் கேரல்தான். அக்கால மேரிலாந்துச் செல்வந்தர் வீடுகளைப் போல அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். பள்ளிக்குப் பெயர் சூட்டப்பட்ட நாட்களில் இது பேசப்படவில்லை, பிற்காலத்தில் பேசப்பட்டது.

பள்ளி அமைந்துள்ள புருக்லண்ட் வட்டாரத்துக்கு ‘குட்டி ரோமாபுரி’ என்ற செல்லப்பெயர் உண்டு. கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், பிரான்சிஸ்கன் மடம், தொமினிக்கர் இல்லம் என்று துறவற சபைகளின் கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்கும் பகுதி இது. மேற்கே பழைய படைவீரர் இல்லம். ஆபிரகாம் லிங்கன் கோடையைக் கழித்த வீடு அந்த வளாகத்துக்குள் இருக்கிறது. தெற்கே, அதே ஹேர்வுட் சாலையின் மறுமுனையில் அமல உற்பவ அன்னை தேசியத் திருத்தலம். 1920-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, நிலவறைக் கோயிலோடு நின்றுபோன அத்திருத்தலத்தின் மேற்கட்டுமானம் 1954-இல்தான் மீண்டும் தொடங்கி, 1959 நவம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. அந்த நீலக் குவிமாடம் எழும்பிய காலமும் பள்ளியின் புகழ் ஏறிய காலமும் ஏறத்தாழ ஒன்றே.

தொடக்கம்

வாஷிங்டன் 1939-இல் தனி உயர்மறைமாவட்டமாக அறிவிக்கப்பட்டது என்றாலும், பால்டிமோர் பேராயரே அதற்கும் பொறுப்பாக இருந்தார். நகரிலேயே தங்கிப் பணியாற்றிய முதல் பேராயர் பாட்ரிக் ஓபாயில். பென்சில்வேனியாவின் ஸ்கிரான்டனைச் சேர்ந்த இவர் 1948-இல் பொறுப்பேற்றார். அப்போது தலைநகரின் பங்குக் கோயில்களிலும் பள்ளிகளிலும் நிறப்பாகுபாடு பழகிப்போன வழக்கமாக இருந்தது. கறுப்பினக் கத்தோலிக்கர் பின்வரிசையில் உட்கார்ந்தனர். பல இடங்களில் நற்கருணையும் கடைசியில்தான். இதைச் சகிக்காமல் தமக்கெனத் தனிப் பங்கு கண்டவர்களும் உண்டு: 1858-இல் கறுப்பினக் கத்தோலிக்கர் தொடங்கிய சமூகமே பின்னாளில் புனித அகுஸ்தினார் பங்காக வளர்ந்தது.

ஓபாயில் கையாண்ட முறை சத்தமில்லாதது. சுற்றறிக்கை, மேடைப் பேச்சு எதுவுமின்றிப் பள்ளி பள்ளியாகக் கதவைத் திறந்தார். நகருக்குள் முதலில், தெற்கு மேரிலாந்தின் புகையிலை வட்டாரங்களில் பிறகு. இதன் பெருமை எவ்வளவு தூரம் அவருக்குரியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பேராயரின் துணிவே காரணம் என்பது சபை வரலாறுகளின் வழக்கமான பார்வை. அவர் வருவதற்கு முன்பே, 1936-இல், கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களை மறுபடி சேர்க்கத் தொடங்கிவிட்டது என்பதையும், கறுப்பினப் பெற்றோரும் இனநல்லிணக்கச் சங்கங்களும் நெடுநாள் கொடுத்த நெருக்கடியையும் மற்றவர்கள் சுட்டிக்காட்டுவர். இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்க வேண்டும். ஆரவாரம் ஓபாயிலுக்குப் பிடிக்காது என்பதற்கு இன்னொரு சான்று கறுப்பினத்தவரின் சம உரிமை கோரி 1963 ஆகஸ்ட் 28 அன்று நடந்த வாஷிங்டன் பேரணி. தொடக்க மன்றாட்டுச் சொல்ல ஒப்புக்கொண்ட அவர், பேரணியில் பேசவிருந்த இளைஞர் தலைவர் ஜான் லூயிஸின் உரையில் இருந்த காரத்தைக் குறைக்காவிட்டால் மேடைக்கு வரமாட்டேன் என்று நின்றார். உரை திருத்தப்பட்டது, மன்றாட்டும் நடந்தது.

1951-இல் பள்ளி திறந்தபோது இரு இனத்தவரும் சேர்க்கப்பட்டனர். நகரின் ‘முதல்’ ஒருங்கிணைந்த உயர்நிலைப் பள்ளி இதுவே என்று சில குறிப்புகள் கூறுகின்றன. 1821-இல் தோன்றிய இயேசு சபையின் கொன்சாகா போன்ற பழைய பள்ளிகளும் அதே காலத்தையொட்டிக் கறுப்பின மாணவர்களைச் சேர்த்ததால், ‘முதல் சிலவற்றுள் ஒன்று’ என்பதோடு நிறுத்திக்கொள்வது பொருந்தும். ஆனால் பழைய பள்ளிகள் வழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. கேரலில் மாற்றுவதற்கு வழக்கமே இல்லை. முதல் நாளிலிருந்தே இரு நிறத்தவரும் அங்கே இருந்தனர்.

பள்ளிக்கு வெளியே நகரம் அப்படி இல்லை. ஒரே வகுப்பில் படித்த இரு நண்பர்கள், ஒருவர் கறுப்பர், மற்றவர் வெள்ளையர் என்றால், நகர மையத்தின் பெரும்பாலான உணவகங்களில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியாது. 1950-இல், எண்பதைக் கடந்த மேரி சர்ச் டெரல் அம்மையார் ஓர் உணவகத்துக்குள் சென்று, உணவு மறுக்கப்பட்டு, வழக்குத் தொடுத்தார். 1953 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே அக்கதவுகள் திறந்தன.    நகரின் அரசுப் பள்ளிகளில் பிரிவினை சட்டவிரோதம் என்ற தீர்ப்பு (போலிங் எதிர் ஷார்ப்) 1954 மே 17 அன்று, மாநிலங்களின் அரசுப் பள்ளிகளைப் பற்றிய புகழ்பெற்ற பிரௌன் வழக்கின் தீர்ப்போடு ஒரே நாளில் வந்தது.

பள்ளியை நடத்தும் பொறுப்பு அகுஸ்தினார் சபைத் துறவிகளிடம் இருந்தது. பிலடெல்பியாவுக்கு வெளியே 1842-இல் வில்லனோவா கல்லூரியை நிறுவிய சபை அது. கேரலில் நன்றாகப் படித்த, அல்லது நன்றாக ஆடிய, மாணவர்கள் வில்லனோவாவுக்குப் போனதற்கு இந்தச் சபை உறவும் துணைநின்றது.

பெண்களுக்கு இடமில்லை என்பது அந்நாளில் எவரும் விளக்கம் கேட்காத ஒன்று. திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1929-இன் இறுதியில் வெளியிட்ட கல்வி பற்றிய சுற்றுமடல், வளரிளம் பருவத்தினரை இருபாலராகச் சேர்த்துப் படிக்க வைப்பதை வெளிப்படையாகக் கண்டித்திருந்தது. நிதி நெருக்கடியால் சேர்த்தே நடத்தவேண்டி வந்த இடங்களில், ஒரே கட்டடத்தில் ஆண்களுக்கு ஒரு சிறகு, பெண்களுக்கு ஒரு சிறகு, நடுவில் நூலகமும் உணவுக்கூடமும் என்ற விநோத ஏற்பாடு 1950-களில் பரவியது. கேரலில் அந்த ஏற்பாடும் இல்லை; முழுக்க ஆண்கள் பள்ளி.

கூடைப்பந்து ஆண்டுகள்

பாப் டுவயர் பயிற்றுவித்த அணி 1958-இல் நகரப் பட்டத்துக்கான ஆட்டத்தில் கார்டோசோ பள்ளியிடம் தோற்றது. அக்கால முறைப்படி, அரசுப் பள்ளிகளின் வெற்றியாளரும் கத்தோலிக்கப் பள்ளிகளின் வெற்றியாளரும் மோதுவதே நகரப் பட்டப் போட்டி. 1954-க்குப் பின் வெள்ளைக் குடும்பங்கள் வேகமாக வெளியேறியதால் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் கறுப்பின மாணவர்களால் நிறைந்தன. கத்தோலிக்க அணிகளில் பெரும்பாலும் வெள்ளையர். இரண்டும் கலந்த கேரல் அணி களத்தில் இறங்கியபோது, பார்வையாளர் வரிசையில் யார் யாருக்குக் கைதட்டுவது என்ற பழைய கணக்கு குழம்பியது.

தோல்விக்கு அடுத்த பருவத்தில் தொடர் வெற்றி தொடங்கியது. அந்த 1958 இலையுதிர் காலத்தில்தான், பொட்டோமாக் ஆற்றுக்கு அப்பால் வர்ஜீனியா மாநிலம், கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிடப் பூட்டிவிடுவதே மேல் என்று நார்ஃபோக், சார்லட்ஸ்வில், ஃபிரண்ட் ராயல் ஊர்களின் பள்ளிகளை மூடி வைத்திருந்தது. ஆற்றுக்கு இப்பால், பேருந்து ஏறிப் போகும் தொலைவில், கேரல் அணி ஜெயித்துக்கொண்டிருந்தது.

அணியின் முன்னணி ஆட்டக்காரர்களில் 6 அடி 10 அங்குல ஜான் தாம்சன், டாம் ஹூவர், ஜார்ஜ் லெஃப்ட்விச் ஆகியோர் கறுப்பினத்தவர். எட்வர்டு மல்லாய் வெள்ளையர். மல்லாய்க்குச் சிறுவயது முதலே ‘மங்க்’, அதாவது துறவி, என்று பட்டப்பெயர். பின்னாளில் அவர் குருவானதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர் புருக்லண்டிலேயே வளர்ந்தவர். அங்குள்ள டர்க்கி திக்கெட் மைதானத்தில் பந்தாடிப் பழகியவர். 1960 நகரப் பட்டப் போட்டியில் கேரல் வென்ற ஸ்பிங்கார்ன் அரசுப் பள்ளி அணியில் டேவ் பிங் ஆடினார். பிற்காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரராகவும் டெட்ராய்ட் மேயராகவும் விளங்கியவர். அதே ஸ்பிங்கார்னில் 1954-இல் படிப்பை முடித்த எல்ஜின் பெய்லர் போன்ற கூடைப்பந்து மேதைக்கு, வெள்ளையர் பள்ளிகளோடு நகரப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பே கிடைத்ததில்லை. ஆறு ஆண்டு இடைவெளி எவ்வளவு மாற்றியிருந்தது என்பதற்கு இது ஓர் அளவு.

தொடர் வெற்றியின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறும். 55 என்பதே பரவலாக வழங்குவது. தாம்சனும் மல்லாயும் பள்ளியை விட்ட 1960-ஐ எல்லையாகக் கொண்டு 48 என்று சொல்வோரும் உண்டு. அடுத்த பருவத்தின் தொடக்க வெற்றிகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பொறுத்தே இவ்வேறுபாடு என்று தோன்றுகிறது.

தாம்சனின் வரலாறு தனியே சொல்லத்தக்கது. தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஓட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளி. தாய் ஆசிரியப் பயிற்சி பெற்றிருந்தும் வீட்டு வேலை செய்தே குடும்பத்தைத் தாங்கினார். சிறுவயதில் வாசிக்கத் திணறிய தாம்சன் கற்க இயலாத பிள்ளை என்று ஒதுக்கப்பட்டார். பார்வைக் குறைபாடும் காரணமாக இருந்தது. அப்படிப்பட்டவர் கேரலில் படிப்பை முடித்து, பிராவிடன்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்று, பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் பில் ரஸ்ஸலுக்கு மாற்று ஆட்டக்காரராக 1965, 1966 ஆகிய இரு ஆண்டுகளிலும் சாம்பியன் பட்டத்தில் பங்கு பெற்றார். ஊர் திரும்பி புனித அந்தோனியார் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி அளித்தார். 1972-இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. 1984-இல் பல்கலைக்கழகக் கூடைப்பந்தின் முதல் பிரிவு (NCAA) தேசியப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநரானார்.

ஜான் கேரலின் பெயர்கொண்ட பள்ளியில் ஆடிய சிறுவர், ஜான் கேரல் நிறுவிய பல்கலைக்கழகத்தின் முகமாக மாறினார். கடனில் தத்தளித்த அந்தப் பல்கலைக்கழகத்தைக் காக்க மேரிலாந்து இயேசு சபையினர் 1838-இல் 272 அடிமைகளை லூசியானாவுக்கு விற்றனர் என்பதையும் இங்கே சேர்த்தே வாசிக்க வேண்டும். தாம்சன் தமது அலுவலகத்தில் காற்றுப் போன கூடைப்பந்து ஒன்றை வைத்திருந்தார்; பந்து சுருங்கிய பின் கையில் என்ன மிஞ்சும் என்று ஆட்டக்காரர்களைக் கேட்பதற்காக. அவர் தோளில் எப்போதும் கிடந்த வெள்ளைத் துண்டு, சமையலறையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற தாயின் நினைவு. அவருடைய தன்வரலாறு, 2020 ஆகஸ்டில் அவர் மறைந்தபின், அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்தது. நூலின் தலைப்பு, ஹார்லெம் மறுமலர்ச்சிக் கவிஞராக இருந்த அவருடைய மாமா லூயிஸ் கிராண்டிசன் அலெக்சாண்டரின் கவிதையிலிருந்து எடுத்தது.

மல்லாய் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் படித்து, திருச்சிலுவை சபையில் சேர்ந்து குருவாகி, 1987 முதல் 2005 வரை அதே பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். தலைவரான பிறகும் மாணவர் விடுதியில் ஓர் அறையிலேயே வசித்தார். ஹூவரும் லெஃப்ட்விச்சும் வில்லனோவாவுக்குச் சென்றனர். லெஃப்ட்விச் பின்னர் கேரலுக்கே பயிற்றுநராகத் திரும்பினார். கேரலின் அக்கால வலிமைக்கு இன்னோர் அளவு: மேரிலாந்தின் டிமாத்தா பள்ளிப் பயிற்றுநர் மார்கன் வூட்டன், 1965-இல் லூ அல்சின்டார் (பிற்காலக் கரீம் அப்துல் ஜப்பார்) ஆடிய பவர் மெமோரியல் அணியின் 71 ஆட்டத் தொடர் வெற்றியை முறித்து உலகப் புகழ் பெற்றார். 1950-களின் இறுதியில் அவரது அணியே கேரலின் நிழலில்தான் இருந்தது.

இந்த நல்லிணக்கக் காட்சியைப் பெரிதாக்கிவிடவும் கூடாது. 1962 நவம்பரில் நன்றியறிதல் நாளன்று, கத்தோலிக்கப் பள்ளியான செயின்ட் ஜான்ஸுக்கும் அரசுப் பள்ளியான ஈஸ்டர்னுக்கும் இடையே நடந்த நகர அமெரிக்கக் கால்பந்துப் பட்டப் போட்டி, 50,000 பேருக்கு மேல் கூடிய அரங்கில், இனக் கலவரமாக முடிந்தது. கேரலுக்கு அதில் பங்கில்லை. ஆனால் நகரப் பட்டப் போட்டி என்ற மரபே அதோடு ஆட்டம் கண்டது.

1960-களும் அதற்குப் பின்னும்

1950-இல் ஏறத்தாழ 8,02,000 ஆக இருந்த வாஷிங்டன் மக்கள்தொகை 1990-இல் சுமார் 6,07,000 ஆகக் குறைந்தது. 1970-இல் மக்களில் பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவர். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபின் வணிகத் தெருக்கள் எரிந்தன. எஞ்சியிருந்த வெள்ளைக் கத்தோலிக்கக் குடும்பங்களும் புறநகர் சென்றன. இரு இனத்தவரும் படித்த கேரல், பெரும்பாலும் கறுப்பின மாணவர்களின் பள்ளியாயிற்று. அவர்களில் கத்தோலிக்கரல்லாதவரும் நிறைய. பிற்காலத்தில் தேசியக் கூடைப்பந்துச் சங்க (NBA) அணிகளின் பயிற்றுநராக விளங்கிய எடி ஜோர்டன் இக்காலத்து மாணவர்.

இருபாலர் பள்ளியாதல்

அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 1960-களின் நடுவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் படித்தனர். அடுத்த கால் நூற்றாண்டில் அது ஏறத்தாழப் பாதியானது. சம்பளமின்றிக் கற்பித்த கன்னியரும் துறவியரும் குறைந்தபின், ஊதியம் பெறும் ஆசிரியர்களை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, கட்டணம் ஏறியது. இணைப்பும் மூடலும் நகரத்துக்கு நகரம் நடந்தன. கர்தினால் ஜேம்ஸ் ஹிக்கி பேராயராக இருந்த காலத்தில், 1989-இல், கேரல் மாணவியரைச் சேர்த்துக்கொண்டது. 1957-இலேயே ரோமாபுரி இருபாலர் கல்விக்கு நிபந்தனைகளோடு இடம் கொடுத்துவிட்டது. ஆகவே கொள்கைத் தடை ஏதும் மிஞ்சியிருக்கவில்லை.

1951-இன் கதவைக் கொள்கை திறந்தது என்றால், 1989-இன் கதவைத் திறந்தது கணக்கேடு என்று சொல்லத் தோன்றும். அண்டைப் பள்ளிகளைப் பார்த்தால் அது முற்றிலும் தவறாகாது. வலுவான முன்னாள் மாணவர் கூட்டமும் சேமிப்பும் கொண்ட கொன்சாகா இன்றும் ஆண்கள் பள்ளி; 1799-இல் தோன்றிய ஜார்ஜ்டவுன் விசிடேஷன் இன்றும் பெண்கள் பள்ளி. ஆயினும் செயின்ட் ஜான்ஸ் 1991-இல் இருபாலர் பள்ளியானது வறுமையால் அல்ல என்று அதைச் சார்ந்தவர்கள் கூறக்கூடும். கேரலிலும் பெற்றோர் விருப்பம் ஓரளவு இருந்திருக்கலாம்.

அதே 1989 ஜனவரியில்தான், கல்வித் தகுதி மதிப்பெண் எட்டாத மாணவர்களுக்கு விளையாட்டு உதவித்தொகையை மறுக்கும் புதிய விதியைக் கண்டித்து, ஜான் தாம்சன் ஆட்டம் தொடங்குமுன் களத்தை விட்டு வெளியேறினார். செய்தித்தாள்கள் அதைப் பக்கம் பக்கமாக எழுதின. அதே ஆண்டில் ஹேர்வுட் சாலையில் முதன்முதலாகச் சீருடையணிந்து நுழைந்த மாணவியர் பெற்ற இடம் அதில் நூறில் ஒரு பங்கும் இராது. கேரலின் ஆண்களுக்குத் தன்வரலாறுகள் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படித்து வெளியேறிய பெண்களின் நினைவுகள் அச்சுக்கு வந்தது அரிது.

அண்மைக் காலம்

2004-இல் வாஷிங்டன் நகருக்கென மத்திய அரசு கொண்டுவந்த தனியார் பள்ளி உதவித்தொகைத் திட்டத்தின் பயன் பெறும் மாணவர்கள் சேரும் பள்ளிகளில் கேரலும் ஒன்று. 2008-இல் உயர்மறைமாவட்டம் தன் தொடக்கப் பள்ளிகள் ஏழினை மதச்சார்பற்ற பொதுநிதிப் பள்ளிகளாக மாற்றிக் கைவிட்டபோதும் கேரல் கத்தோலிக்கப் பள்ளியாகவே நீடித்தது. விளையாட்டு அணிகள் ‘லயன்ஸ்’ என்ற பெயரில் வாஷிங்டன் கத்தோலிக்கப் பள்ளிகளின் தொடர் போட்டிகளில் பங்கேற்கின்றன.

பென்சில்வேனியாவின் ராட்னரில், வில்லனோவா பல்கலைக்கழகத்துக்கு அருகில், இதே பேராயரின் பெயரில் 1967-இல் தொடங்கிய இன்னொரு பள்ளி உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இயங்கிய அதன் இரு பிரிவுகள் 1986-இல் ஒன்றாயின. ஒஹாயோவின் டேடன் நகரிலும் கேரல் பெயரில் ஓர் இருபாலர் கத்தோலிக்கப் பள்ளி இருக்கிறது. பழைய விளையாட்டுக் குறிப்புகளில் இவை ஒன்றோடொன்று குழம்புவதால், ஊர்ப் பெயரைச் சரிபார்த்தே பயன்படுத்த வேண்டும்.